மெஷின் ஓடவில்லையா? முதலில் தொட்டியைப் பாருங்கள்!

எனக்குப் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையத்தில். மலையை ஒட்டிய எங்கள் வீட்டில் ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், சுவரெல்லாம் ஓதம் காத்துவிடும். பீரோவைத் திறந்தால் பூசண வாடை. பட்டுப் புடவையில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். புடவை போனால் போகட்டும். என் மாமியார் இளைப்பு தாங்காமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே கழிப்பதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. "மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், அறையில் பூசணம் பிடிக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்" என்றார் டாக்டர்.

அதற்காக என் மகன் வாங்கி அனுப்பியதுதான் டீஹியூமிடிஃபையர் என்கிற ஈரம் உறிஞ்சும் மெஷின். வேடிக்கையைப் பாருங்கள்! ராஜபாளையம் மில் ஆரம்பித்தது 1936-ல். பஞ்சாலைகளில் நூல் அறுந்து போகாமலிருக்கக் காற்றுக்கு ஈரம் ஊட்டுவார்கள். அந்த ஊரிலேயே என் வீட்டில் ஈரத்தைப் பிழிந்தெடுக்க ஒரு மெஷின்!

இது வேலை செய்கிற விதம் நமக்குத் தெரிந்ததுதான். ஜில்லென்ற தண்ணீர்ச் செம்பை வெளியே வைத்தால் மேலே முத்து முத்தாக வேர்க்கிறதல்லவா? மெஷினுக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்களும் அப்படித்தான். உள்ளே இருக்கும் ஃபேன் அறைக் காற்றை இழுத்து அந்தக் குழாய்களின் மேல் விடுகிறது. ஈரம் தண்ணீராகிக் கீழே தொட்டியில் சொட்டுகிறது. காற்று உலர்ந்து வெளியே வருகிறது.

கார்த்திகை மாதம், அடைமழை நாள். மெஷின் ஓடவில்லை. சுவிட்சை நாலைந்து தடவை போட்டுப் போட்டு அணைத்தேன். ம்ஹூம். பக்கத்திலிருந்து ஒரு ரிப்பேர்க்காரர் வந்தார். திறந்துகூடப் பார்க்காமல், "கம்ப்ரஸர் போச்சும்மா, இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி மாமியாருக்கு மறுபடி இளைப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அண்ணன் மகன் ஃபிரிஜ் ரிப்பேர் செய்கிறான். காலையில் அவனுக்குப் போன் போட்டேன்.

"அத்தை, அதே ப்ளக்கில வேற ஏதாச்சும் மாட்டிப் பாத்தீங்களா?"

டேபிள் லைட் எரிந்தது. கரண்டில் கோளாறு இல்லை.

"சிவப்பு லைட்டு எதுவும் எரியுதா?"

எரிந்தது! நான் கவனிக்கவே இல்லை.

"தொட்டியக் கழுவினீங்களோ?"

மெஷின் நின்ற அன்று காலையில்தான் கழுவியிருந்தேன்.

"அப்ப மிதவை சிக்கியிருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிட்டுத் தொட்டிய வெளிய எடுங்க."

தொட்டி நிரம்பி வழியாமலிருக்க உள்ளே ஒரு மிதவை உண்டு. தண்ணீர் ஏறினால் அதுவும் மேலே ஏறி மெஷினை நிறுத்திவிடும். நான் கழுவிய அவசரத்தில் அது ஓரத்தில் மேலேயே சிக்கிக் கொண்டிருந்தது. தொட்டி காலி, மெஷினோ நிரம்பிவிட்டது என்று நினைத்து நின்றிருக்கிறது! சரி செய்து, 'டக்'கென்று சத்தம் வரும்வரை தொட்டியைத் தள்ளி மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். ஓடவில்லை. "மூணு நிமிஷம் பொறுங்க அத்தை. கம்ப்ரஸருக்கு மூச்சு வாங்க நேரம் வேணும்" என்றான். பொறுத்தேன். ஓடியது!

சகோதரிகளே, உங்கள் வீட்டு மெஷின் நின்றாலும் பதற வேண்டாம். இந்த வரிசையில் பாருங்கள்:

1. ப்ளக்கில் கரண்டு வருகிறதா?

2. தொட்டி நிரம்பியிருக்கிறதா? சரியாக உட்கார்ந்திருக்கிறதா? மிதவை தாராளமாக ஆடுகிறதா?

3. ஈர அளவை எதில் வைத்திருக்கிறீர்கள்? 60-ல் வைத்து, அறையில் ஈரம் அதற்கும் குறைவாக இருந்தால் மெஷின் ஓடாது. அது கோளாறு அல்ல. 45-க்குக் குறைத்துப் பாருங்கள்.

4. காற்று போகும் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா? கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள்.

இதற்குமேல் நம் கை போகக் கூடாது. கருகல் வாடை வந்தாலோ, தொட்டால் ஷாக் அடித்தாலோ, ஃபேன் ஓடியும் தண்ணீரே சேராவிட்டாலோ நிறுத்திவிட்டு, தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பின்பக்க மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் கரண்டு தங்கியிருக்கும். ஈரக் கையால் எதையும் தொடாதீர்கள். தொட்டித் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று குடித்துவிடவும் கூடாது.

மெஷின் இருக்கிறதென்று சுவர்க் கசிவை அடைக்காமல் விடலாமா? மழை நின்றதும் ஆள் வைத்துப் பூசினோம். பீரோவையும் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டேன்.

மாமியார் இப்போது படுத்துத் தூங்குகிறார்கள். காலையில் நான் தொட்டியைத் தூக்கிக் கொண்டு போகும்போது, "ஏம்மா, நேத்து எவ்வளவு தண்ணி?" என்று கட்டிலில் இருந்தபடியே கேட்கிறார்கள். அந்தக் குரலில் இளைப்பு இல்லை.