எரிகிற களிம்பும் கறுக்கிற முகமும்

கடலோர ஊர்களில் வசிப்பவர்களுக்கு வியர்வையைப் பற்றி யாரும் உபந்நியாசம் செய்ய வேண்டியதில்லை. சென்னையாகட்டும், நாகப்பட்டினமாகட்டும், தூத்துக்குடியாகட்டும், சித்திரை பிறந்துவிட்டால் குளித்துத் துவட்டிய துண்டு காய்வதற்குள் தேகம் மறுபடியும் நனைந்துவிடுகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலர வழியில்லை. இத்தகைய சீதோஷ்ணத்தில் முகத்துக்கு எதைப் பூசுவது என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நம் வீடுகளில் கலியாணப் பேச்சு எழும்போதும், பெண்கள் கலாசாலைக்குப் புறப்படும்போதும், ஏன், மீசை அரும்பும் பையன்கள் நிலைக்கண்ணாடி முன் நிற்கும்போதும் இந்த விஷயம் தலைகாட்டாமல் இருப்பதில்லை.

இக்கட்டுரை அழகு சாதனங்களுக்கு விளம்பரமன்று. அழகுணர்ச்சியைக் கண்டிக்கும் பிரசங்கமும் அன்று. முகத்தில் பருவின் தழும்பும் கரும்புள்ளியும் விழுந்தால் அவற்றைப் போக்கிக்கொள்ள விரும்புவது இயல்பே. ஆனால் தொட்டதற்கெல்லாம் சிவந்து அரிக்கிற மென்மையான சருமம் உடையவர்கள், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதை அறிந்துகொள்ளாவிட்டால், காசு கொடுத்துக் கறுப்பையும், சில சமயங்களில் அதைவிடப் பெரிய தீங்கையும் வாங்கி வருவார்கள்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

மேல்தோலின் அடிப்பாகத்தில் மெலனோஸைட் என்னும் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை மெலனின் என்ற நிறப்பொருளை உண்டாக்கிச் சுற்றிலுமுள்ள உயிரணுக்களுக்கு வழங்குகின்றன. வெள்ளைக்காரர் தோலிலும் நம் தோலிலும் இவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். உண்டாகும் நிறப்பொருளின் அளவிலும் வகையிலும், அது பரவிக் கிடக்கும் விதத்திலும்தான் வேற்றுமை. சூரியனுடைய புறஊதாக் கதிர்கள் உள்ளே இறங்காமல் தடுக்கும் குடை இந்த மெலனின். வெயில் தேசத்தில் பிறந்தவர்களுக்கு இயற்கை அளித்த குடையை விலை கொடுத்துக் கிழித்துக்கொள்வது என்ன விவேகம்?

நம் முன்னோர் கருநிறத்தைக் குறையாக எண்ணியதில்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் மேனியழகுக்கு மாமை என்று பெயர். மாந்தளிர் போன்ற கருமை கலந்த பொலிவு அது. தலைவன் பிரிந்த துயரத்தால் அந்நிறம் கெட்டு வெளிறுவதைப் பசலை என்றார்கள். வெளிறுதல் அக்காலத்தில் நோய். இக்காலத்திலோ அதையே குழாயில் அடைத்து விற்கிறார்கள்!

1947-ல் வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். வெள்ளை மோகம் மட்டும் கப்பலேறவில்லை. 1975-ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற களிம்பு நம் தேசத்தில் விற்பனைக்கு வந்து, வீட்டுக்கு வீடு புகுந்தது. 2009-ல் சென்னையிலுள்ள ‘விமன் ஆஃப் வொர்த்’ என்ற மாதர் அமைப்பு, கருமையும் அழகே என்று இயக்கம் தொடங்கிற்று. கறுத்த நிறமுடையவர்களைத் தாழ்வாகக் காட்டி விளம்பரம் செய்யலாகாது என்று 2014-ல் விளம்பரத் தர மன்றம் விதி வகுத்தது. 2020-ல் மேற்படி களிம்பின் பெயரிலிருந்த ‘ஃபேர்’ நீங்கி ‘குளோ’ வந்தது. பெயர் மாறிற்று, மனமும் மாற வேண்டும்.

எரிச்சலே கறுப்புக்கு வித்து

எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று பலர் நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பூசுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. பருவோ, சொறியோ, கடுமையான மருந்தின் எரிச்சலோ, எது நேர்ந்தாலும் நிறம் உண்டாக்கும் உயிரணுக்கள் தூண்டப்பட்டு மிகுதியான மெலனினைச் சுரந்துவிடுகின்றன. புண் ஆறினாலும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கிறது. கொசுக் கடித்த இடத்தைச் சொறிந்த குழந்தையின் காலைப் பாருங்கள், இது விளங்கும். வெளிறிய தோலைக் காட்டிலும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இந்தக் கறுப்பு அதிகமாகவும் ஆழமாகவும் விழும்.

ஆகவே, மென்மையான சருமத்தில் எரிச்சலூட்டும் களிம்பைப் பூசுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதுதான். புழுக்கமான ஊரில் இந்த அபாயம் இன்னும் அதிகம். வியர்வையின் உப்பு தோலை உறுத்துகிறது. பிசுக்கான களிம்பு வியர்வைத் துவாரங்களை அடைக்கிறது. வேர்க்குருவும் பருவும் கிளம்புகின்றன. துண்டால் அழுத்தித் துடைக்கிறோம். அந்த உராய்வும் கறுப்பை வளர்க்கிறது. எனவே நாம் தேட வேண்டியது வெண்மையையன்று. எரிச்சலில்லாத, ஒரே சீரான பொலிவை.

மறைந்திருக்கும் விஷம்

ஒரு வாரத்தில் நிறம் மாறும் என்று வாக்களிக்கும் களிம்புகளில் இரண்டு பகைவர்கள் ஒளிந்திருப்பதுண்டு. முதலாவது பாதரசம். அது மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் முகம் விரைவில் வெளிறும். ஆனால் தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தில், மலப்புரம் ஜில்லாவிலுள்ள கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோய் கண்ட 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் சாதாரணமாகக் காணப்படாத ஒரு குறி இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்பைப் பூசி வந்தவர்கள்! களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு உபாதை தணிந்தது என்பது ஆறுதல்.

இந்தியாவின் 2020-ம் வருஷத்து அழகு சாதன விதிகளின்படி, முகக் களிம்பில் தற்செயலாகக் கலக்கும் பாதரசங்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. ஆனால் தயாரித்தவர் பெயரும் உட்பொருள்களின் பட்டியலும் இல்லாத டப்பாவைச் சட்டம் எங்கே பிடிப்பது? நாம்தான் அதை வாங்காமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது பகைவன் ஸ்டிராய்டு. இது நல்ல மருந்துதான். வைத்தியர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாள் வரையில். சிவப்பழகுக்காக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், பரு கிளம்பும், பெண்கள் முகத்தில் ரோமம் வளரும், நிறுத்தினாலோ முகம் தீப்போல எரியும். படர்தாமரையின் மேல் பூசினால் அது அடங்கியதுபோல் காட்டிவிட்டுப் பரவும். இத்தகைய 14 களிம்புகளை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கலாகாது என்று 2018-ல் மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் குழாயின் மேல் இருந்தால், கடைக்காரரோ அண்டை வீட்டாரோ எவ்வளவு சிபாரிசு செய்தாலும், வைத்தியரைக் கேளாமல் தொட வேண்டாம்.

எதைக் கேட்டு வாங்கலாம்?

மென்மையான சருமத்துக்கு முதலில் சொல்லத்தக்கது நியாஸினமைட். இது பி-3 வைட்டமினின் ஒரு வடிவம். நிறப்பொருள் மேலுள்ள உயிரணுக்களுக்குச் செல்வதைக் குறைப்பதோடு, தோலின் காப்பையும் பலப்படுத்துகிறது. நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு போதும். 10 பங்கு என்று பெருமையாக அச்சிட்டிருப்பது இருமடங்கு நல்லதென்று எண்ண வேண்டாம். மென்மையான முகத்தில் அது உறுத்தக்கூடும்.

அடுத்தது, கோதுமை, வாற்கோதுமை முதலிய தானியங்களில் இயற்கையாகவே உள்ள அஸிலாயிக் அமிலம். பருவையும் அது விட்டுச் சென்ற கறுப்பையும் ஒருங்கே குறைக்கும். முதல் சில நாட்களில் சிறிது குறுகுறுக்கலாம். ஆகையால் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குவது நலம். நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் அதிமதுரத்திலும் மெலனினைக் கட்டுப்படுத்தும் சத்து உண்டு. அதன் சாரம் சேர்ந்த சாதுவான களிம்புகள் இருக்கின்றன.

வைட்டமின் சி பிரசித்தமானது. ஆனால் அதன் கலப்பற்ற வடிவம் புளிப்பு மிகுந்தது, எளிதில் உறுத்தும், நம் ஊர் உஷ்ணத்தில் விரைவில் பழுத்துக் கெட்டும்விடும். கோஜிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் மென்மையான சருமத்தாருக்குச் சோதனைக்குரியவை. ஹைட்ரோகுவினோன் வைத்தியர் கையில் மட்டுமே இருக்க வேண்டியது. எதை வாங்கினாலும் வாசனை சேராததாக, கெட்டியான களிம்பாக இல்லாமல் ஜெல்லாகவோ நீர்த்த லோஷனாகவோ இருப்பது புழுக்கத்துக்கு ஏற்றது.

வாங்கி வந்த அன்றே முகம் முழுவதும் பூசிவிட வேண்டாம். முழங்கையின் உட்புறத்தில் சிறிய இடத்தில் நாளைக்கு இருமுறையாக ஒரு வாரம் பூசிப் பாருங்கள். அரிப்பில்லையென்றால் முகத்துக்கு வரட்டும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு புதுப் பொருள்தான். இரண்டைச் சேர்த்துத் தொடங்கினால் குற்றவாளி எது என்று தெரியாது. மேல்தோல் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆதலால் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் பொறுக்க வேண்டும்.

வெயிலுக்குத் திரை

வெயிலைத் தடுக்காமல் கரும்புள்ளிக்கு மருந்து பூசுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் வேண்டும். மென்மையான சருமத்தாருக்கு துத்தநாக ஆக்ஸைடு சேர்ந்தது அனேகமாக ஒத்துக்கொள்ளும். நம்மவர் முகத்தில் அது சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறதே என்றால், இரும்பு ஆக்ஸைடு சேர்ந்து மாநிறமாக வருவதைக் கேளுங்கள். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கிறது. மங்கு உள்ளவர்களுக்கு அந்த ஒளியும் பகையே. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூச வேண்டும். வெளியில் இருக்கும்போது இரண்டு மணிக்கு ஒரு முறையும், வியர்வையைத் துடைத்த பிறகும் மறுபடி பூச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குடை. அதற்கு உட்பொருள் பட்டியல் பார்க்க வேண்டியதில்லை!

அடுப்பங்கரையிலிருந்து வருவதெல்லாம் சாதுவென்று கருதுவதும் தவறு. எலுமிச்சம்பழச் சாற்றைத் தடவி வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கலாம். மஞ்சள்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முல்தானி மட்டியை வறள வறள வைத்துத் தேய்த்துக் கழுவினால் உராய்வுதான் மிச்சம்.

முகக் களிம்பே வேண்டாத நிலைமைகளும் உண்டு. புழுக்கத்தில் மார்பிலும் முதுகிலும் வெளிர்ந்து படரும் தேமல் ஒருவகைக் காளானால் வருவது. அதற்குத் தனி மருந்து இருக்கிறது. பிடரி கறுத்து வெல்வெட்டுப்போல் தடித்தால் அது அழுக்கன்று. நீரிழிவு நெருங்குவதன் எச்சரிக்கையாக இருக்கலாம். தேய்ப்பதை விட்டு இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பழகுகிறவர்களுக்குத் தெரியும்: ‘கறுப்பி’ என்று வீட்டில் விளையாட்டாக வைத்த பெயர், வகுப்பில் அந்தக் குழந்தையைக் கடைசிப் பெஞ்சிக்குத் தள்ளிவிடுகிறது. பெயரில்லாத டப்பாவை ரகசியமாக வாங்கச் செய்வதும் அதுவே. நிறத்தைக் குறித்துக் குத்திப் பேசுவதை இன்றோடு வீட்டில் நிறுத்துங்கள். பிறகு, மேஜை மேல் இருக்கும் களிம்புகளை எடுத்து, அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள். படிக்க ஒன்றும் அச்சிடப்படாதிருப்பின், அது குப்பைத் தொட்டிக்கு உரியது.