பட்டுப்புழு ஏறிக் கூடு கட்டுவதற்கேற்ற எளிய சாதனங்கள்

பட்டுப்புழு வளர்க்கும் குடியானவர்கள் முட்டை வாங்குவதிலும் இலை பறிப்பதிலும் காட்டும் ஜாக்கிரதையைப் புழு கூடு கட்டும் கடைசி மூன்று தினங்களில் காட்டுவதில்லை. ஏறக்குறைய 25 நாள் இராப்பகலாய் உழைத்த பின்னர், ஏறுவதற்குத் தக்க இடமின்மையால் கூடுகள் இரட்டையாகவும் கறைபட்டும் போய், சந்தையில் கழிவாக ஒதுக்கப்படுவது ஹோசூர், தேன்கனிக்கோட்டை, தாளவாடி முதலிய பிரதேசங்களில் அடிக்கடி காணும் நஷ்டமாகும். இந்நஷ்டத்தைத் தவிர்க்க அதிகப் பணம் வேண்டுவதில்லை.

பழுத்த புழு இலை தின்பதை நிறுத்தும். உடல் சுருங்கிக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். தலையைத் தூக்கியவாறு தட்டின் விளிம்பை நாடி மேலே ஏற முயலும். அது தேடுவது ஒதுங்குவதற்கு ஒரு மூலையையே. பல பக்கங்களிலும் நூலைப் பற்றவைக்கத் தக்க நெருக்கமான இடம் கிடைத்தால் முதலில் தளர்ந்த வலை ஒன்றைப் பின்னி, அதன் நடுவில் கூட்டைக் கட்டும். இடம் அகலமாயிருந்தால் வலைக்கே வீணாய் நூல் செலவாகும். இடம் போதாவிடில் இரு புழுக்கள் ஒரே மூலையில் புகுந்து ஒரே கூடு கட்டும். இரட்டைக் கூட்டில் இரு நூல்களும் பின்னிக் கிடப்பதால் அதை ஒழுங்காய் நூற்க முடியாது.

நம் நாட்டில் நெடுங்காலமாய் வழங்கும் மூங்கில் சந்திரிகை இக்குணத்தை நன்கறிந்து அமைத்ததேயாம். 6 அடி நீளமும் 4 அடி அகலமுமுள்ள பாயின்மேல், சுமார் 2 அங்குல அகலமுள்ள மூங்கிற்பட்டையைச் சுருள் சுருளாக நிறுத்திக் கட்டியிருப்பார்கள். இதில் சுமார் 1,000 புழுக்களுக்கு மேல் விடலாகாது. 100 முட்டைத் தொகுதி வளர்ப்பவருக்கு 40,000 புழுக்கள் தேறினால் 40 சந்திரிகைகள் வேண்டும். பலரிடம் இதிற் பாதியே இருப்பதால் நெருக்கம் உண்டாகிறது. சிலர் வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கிறார்கள். அயலார் வீட்டுச் சந்திரிகையோடு அயலார் வீட்டு வியாதியும் வந்து சேரும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

குறைவை ஈடு செய்ய வைக்கோலே போதுமானது. பூசணம் பிடிக்காத, நன்கு காய்ந்த வைக்கோலை ஒரு சாண் அளவாக நறுக்கி, இரண்டு கயிறுகளுக்கிடையில் வைத்து முறுக்கினால் பூரானின் கால்கள்போல் இருபுறமும் விறைத்து நிற்கும். இதைப் பாயின்மேல் நெளிநெளியாய்ப் பரப்பிப் புழுக்களை விடலாம். ஒரு முறை உபயோகித்தபின் கொளுத்திவிடலாகுமாதலால் வியாதிப் பயமும் குறைவு. துவரைமாறு, எள்ளுத்தட்டை முதலியவற்றையும் இலை உதிர்த்துச் சிறு கற்றைகளாய் வைக்கலாம். காஷ்மீரத்தில் கடுகுத்தட்டையை இவ்வாறே உபயோகிக்கிறார்கள். ஆனால் மருந்து தெளித்த பருத்திமாறு கூடவே கூடாது. புகையிலைத்தண்டு புழுவுக்கு நஞ்சு. சுத்தமென்று கருதி வேப்பங்கொத்து வைப்பதும் தவறு. பூச்சிகளுக்கு ஆகாத பொருள் வேம்பில் உண்டு, பட்டுப்புழுவும் பூச்சியே.

இப்போது பல வீடுகளில் காணப்படும் மடக்கு பிளாஸ்டிக் சாதனம் வைக்க இடம் அதிகம் கொள்ளாது, கழுவவும் எளிது. எனினும் அதற்கு ஈரத்தை உறிஞ்சும் சக்தியில்லை. கூடு கட்டத் தொடங்குமுன் ஒவ்வொரு புழுவும் மிகுதியாய்ச் சிறுநீர் கழிக்கும். மூங்கிலும் வைக்கோலும் அதில் ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கிலோ அது கீழேயுள்ள கூடுகளைக் கறைப்படுத்தும். ஆகையால் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, மறுநாள் அதை அகற்றிவிட வேண்டும்.

எந்தச் சாதனமாயினும் காற்றில்லாத அறையில் பயன் தராது. அறையில் ஈரம் தேங்கினால் நூலை ஒட்டும் பசை சரிவர உலராது. பின்னர் நூற்கும்போது இழை அடிக்கடி அறும். வெப்பம் 24 முதல் 25 டிகிரி சென்டிகிரேடும், காற்றின் ஈரம் நூற்றுக்கு 60 முதல் 65-ம் இருப்பது உத்தமம். சந்திரிகைகளைச் சுவரோடு ஒட்டவைக்காமல் சிறிது சாய்த்து இடைவெளி விட்டு நிறுத்துக. வெயில் நேரே படுமாயின் புழுக்கள் எல்லாம் நிழலான ஒரே பக்கத்தில் குவிந்துவிடும். பலத்த காற்று வீசினாலும் அப்படியே.

கர்நாடகத்தில் 1980-ஆம் ஆண்டில் பரவத் தொடங்கிய ஊசி ஈயின் புழு, கூட்டைத் துளைத்து வெளியேறி இடுக்குகளில் பதுங்கும். ஆதலால் அறுவடையானதும் சந்திரிகையில் ஒட்டிய பஞ்சைத் தீ நாக்கால் பொசுக்கி, வெயிலில் நன்றாய்க் காயவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்த பிறகே மறுமுறை எடுக்க வேண்டும்.

மஞ்சள் கூட்டை 5-ஆம் நாளிலும், வெண்கூட்டை 6 அல்லது 7-ஆம் நாளிலும் பறிக்கலாம். ஐயமிருப்பின் ஒரு கூட்டை அறுத்துப் பார்க்க. உள்ளிருக்கும் கூட்டுப்புழு பழுப்பு நிறமடைந்து தோல் கெட்டியாயிருந்தால் பறிக்கத் தகுந்தது. வெளுத்து மெதுவாயிருக்கையில் பறித்தால் அது நசுங்கி, உள்ளிருந்தே கூட்டைக் கறைப்படுத்திவிடும்.