நாடிழந்த அரசரின் விடைபெறும் பாடல்

பிறந்த வீட்டை விட்டுப் புறப்படும் மணமகளின் புலம்பலாக ஒலிக்கிறது ‘பாபுல் மோரா’ என்ற தும்ரிப் பாடல். ஆனால், வட இந்திய இசை ரசிகர்கள் அதில் கேட்பது 1856இல் நாடிழந்த ஓர் அரசரின் குரலையும்தான். பாடலை இயற்றியவராகக் கருதப்படும் வாஜித் அலி ஷா, அவத் நாட்டின் கடைசி நவாப். ‘அக்தர்’ என்ற புனைபெயரில் எழுதிய கவிஞர்.

சீர்கேடான நிர்வாகம் என்று குற்றஞ்சாட்டி, 1856 பிப்ரவரியில் அவத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் இணைத்தார் டல்ஹவுசி. ஆண்டுக்கு ரூ.12 லட்சம் ஓய்வூதியம் தருவதாகக் கூறியும், ஒப்பந்தத்தில் கையெழுத்திட நவாப் மறுத்துவிட்டார். அடுத்த மாதமே லக்னோவைவிட்டுக் கல்கத்தா புறப்பட்டார். நியாயம் கேட்டு லண்டன் சென்ற அவருடைய தாயார், 1858இல் பாரிஸ் நகரில் காலமானார். 1857 புரட்சியின்போது நவாப் வில்லியம் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். லக்னோவில் புரட்சிக்குத் தலைமை ஏற்றவர், அவரால் மணவிலக்கு செய்யப்பட்டிருந்த பேகம் ஹஸ்ரத் மகல்.

தும்ரி பெருந்திரளுக்கான இசையன்று. சிறு கூடத்தில், சாரங்கி, தபலா துணையுடன், கவிதையறிந்த சிலர் முன்னிலையில் பாடப்பட்டது. ஒரே வரியைப் பலமுறை பாடி, ஒவ்வொரு முறையும் வேறொரு பொருளை வெளிக்கொணர்வதே பாடுவோரின் திறமை. எனவேதான் மணமகளின் பிரிவு, அரசரின் நாடுகடத்தலாகவும், உயிர் உடலை நீங்குவதாகவும் விரிகிறது.

இக்கலையைப் போற்றி வளர்த்தவர்கள் ‘தவாயிஃப்’ எனப்படும் பாடகியர். 1858-77 காலத்து லக்னோ வரிப் பதிவேடுகளில் அதிக வரி செலுத்தியோர் வரிசையில் அவர்கள் இடம்பெற்றுள்ளனர். புரட்சிக்கு உதவியதாகக் கூறி அவர்களில் பலரது சொத்துகளை ஆங்கிலேயர் பறிமுதல் செய்தனர். விடுதலைக்குப் பின்னரும், தனிவாழ்க்கையைக் காரணம் காட்டி அகில இந்திய வானொலி அவர்களில் பலருக்கு வாய்ப்பு மறுத்தது.

கூடங்கள் மூடப்பட்டாலும் பாடல் மறையவில்லை. 1938இல் வெளியான ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ திரைப்படத்தில், பைரவி ராகத்தில் கே.எல்.சைகல் பாடியபோது அது நாடெங்கும் பரவியது. பீம்சேன் ஜோஷி உள்ளிட்ட பலரும் பின்னர் பாடினர்.

வாஜித் அலி ஷா மீண்டும் லக்னோவில் வாழவில்லை. கல்கத்தாவின் மட்டியாபுருஜ் பகுதியில் 31 ஆண்டுகள் வாழ்ந்து, 1887இல் மறைந்த அவர், அங்குள்ள இமாம்பாராவிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.