உஷார்! ஸ்டிக்கரில் 4060, உள்ளே அரைப்பட்டினி

இந்த வாரக் கடைசியில் பிள்ளைக்கு கேமிங் லேப்டாப் வாங்க தி.நகருக்கோ அடையாறுக்கோ கிளம்புகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். பர்ஸை உள்ளே வையுங்கள். "இது எத்தனை வாட்?" என்று கேட்காமல் கார்டைத் தேய்த்தீர்கள் என்றால், ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, அதற்குக் குறைவாகக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பையனின் லேப்டாப்பைப் பார்த்து ஏங்குகிற நிலைமை வரும். எங்கள் வீட்டில் வந்தது.

என் அக்கா பையன் போன வருஷம் இன்ஜினியரிங் சேர்ந்தான். வீடு மந்தைவெளி. கவுன்சலிங் முடிந்த கையோடு அப்பாவும் பிள்ளையுமாக தி.நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனார்கள். கடை பெயர் வேண்டாம். கம்பெனி டீ-ஷர்ட் போட்ட இளைஞர் ஒருவர் ஓடி வந்து, கையில் இரண்டு விரலால் தூக்கிவிடலாம் போன்ற மெல்லிய லேப்டாப்பைக் காட்டினார். "தம்பி, ஆர்டிஎக்ஸ் 4060. எந்த கேமா இருந்தாலும் பறக்கும்." பையன் ஸ்டிக்கரைப் பார்த்தான். அப்பா தள்ளுபடியைப் பார்த்தார். ஹெட்போன், முதுகுப்பை, மவுஸ் எல்லாம் இலவசம். முடிந்தது வியாபாரம்.

பத்து நாள் கழித்து எனக்கு போன். "மாமா, கூடப் படிக்கிறவன் 4050தான் வெச்சிருக்கான். என்னோடதைவிட விலை கம்மி. ஆனா அவன்கிட்ட வெண்ணெய் மாதிரி ஓடுது. என்னோடது திக்கித் திக்கி ஓடுது. ரிப்பேரா?"

ரிப்பேர் இல்லை. அது அப்படித்தான் ஓடும். சங்கடம் அங்கேதான் இருக்கிறது.

கிராபிக்ஸ் சிப்பின் பெயர் ஒன்றுதான். அதற்கு எவ்வளவு மின்சாரம் ஊட்டுவது என்பதை லேப்டாப் செய்கிற கம்பெனி முடிவு செய்கிறது. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060-க்கு, அந்தச் சிப்பின் சொந்தக்காரரான என்விடியா கொடுத்திருக்கும் வரம்பே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. நல்ல கூலிங் உள்ள மெஷின்களில் 'டைனமிக் பூஸ்ட்' என்ற பெயரில் அதற்கு மேலும் 25 வாட் வரை சேரும். 4050-க்கும் அதே 35 முதல் 115தான். அக்கா பையன் வாங்கியதில் எத்தனை தெரியுமா? 45. ஒரே தோசைக்கல்தான். பக்கத்து வீட்டில் அடுப்பு முழுசாக எரிகிறது, நம் வீட்டில் சிம்மில் வைத்திருக்கிறது. மாவையும் கல்லையும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? வயிறார வாட் கிடைக்கிற 4050, அரைப்பட்டினி கிடக்கிற 4060-ஐ முந்துவது ஆச்சரியமே இல்லை.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? வாட் ஏறினால் சூடு ஏறும். சூட்டை வெளியே தள்ளப் பெரிய விசிறி, செம்புக் குழாய், தடிமனான உடம்பு, செங்கல் கனத்துக்கு ஓர் அடாப்டர் எல்லாம் வேண்டும். அத்தனைக்கும் காசு. மெல்லியதாகவும் இருக்க வேண்டும், விலையும் அடங்க வேண்டும், ஸ்டிக்கரில் பெரிய நம்பரும் வேண்டும் என்றால், கம்பெனிக்குக் குறைக்கக் கிடைப்பது வாட் ஒன்றுதான். அதைத்தான் யாரும் கேட்பதில்லையே!

முன்பு இது இவ்வளவு மறைவாக இல்லை. 2017-ல் வாட் குறைந்த வகைக்கு 'மேக்ஸ்-க்யூ' என்று பெயருக்குப் பின்னாலேயே ஒரு வால் ஒட்டினார்கள். வாலைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். 2021-ல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது அந்த வாலை நறுக்கிவிட்டார்கள். வாங்குகிறவர்கள் கூச்சல் போட்ட பிறகு, வாட் கணக்கை வெளியிடும்படி லேப்டாப் கம்பெனிகளிடம் என்விடியா சொன்னது. அவர்களும் வெளியிடுகிறார்கள், தங்கள் இணையதளத்தில், அந்த மாடலின் பக்கத்தில், விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போனால் கீழே. ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் முழுப்பக்க விளம்பரத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. இப்போது கடைகளில் அடுக்கியிருக்கும் 50 வரிசையிலும் கதை மாறவில்லை. ஒரே பெயர், பல வாட்.

அப்படியானால் புகார் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். அக்கா வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நல்ல சட்டம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் அவகாசமும் தருகிறது. 1915-க்கு போன் செய்தால் தேசிய நுகர்வோர் உதவி மையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமே கிடையாது. எல்லாம் சரி. ஆனால் 45 வாட் என்பது 'குறை'யே இல்லையே! ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை. அது 4060தான். கம்பெனி தன் பக்கத்தில் வாட்டையும் போட்டிருக்கிறது. நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான். இங்கே சட்டம் நமக்காக விரலை அசைப்பது கஷ்டம்தான். அதனால்தான் பணம் கொடுப்பதற்கு முன்னால் இத்தனை பதற்றம்.

கடையில் என்ன செய்வது? டெமோ மெஷினில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறக்கச் சொல்லுங்கள். இடது பக்கம் அடியில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று இருக்கும். அதைத் தொட்டால் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எத்தனை வாட் என்று அச்சடித்த மாதிரி வரும். பத்து நொடி வேலை. டெமோ மெஷின் இல்லை என்றால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணை, வாலில் வரும் எழுத்துகள் உட்பட, போனில் படம் எடுத்து கம்பெனி இணையதளத்தில் தேடுங்கள். வால் எழுத்து முக்கியம். முன்பாதி ஒன்றாக இருந்து வால் மாறினாலே திரை மாறும், மெமரி மாறும், சில சமயம் கிராபிக்ஸே மாறும். பில்லிலும் அந்த முழு எண்ணை எழுதி வாங்குங்கள். "கேமிங் லேப்டாப் - 1" என்று மொட்டையாகப் போட்ட பில் நாளைக்கு எதற்கும் உதவாது.

இன்னொன்று. அந்த டீ-ஷர்ட் இளைஞர் பெரும்பாலும் கடை ஆள் அல்ல, ஒரு கம்பெனி நிறுத்தி வைத்திருக்கும் ஆள். அவருக்கு மாதக் கணக்கு இருக்கிறது. அவர் மேல் கோபம் வேண்டாம், வயிற்றுப்பாடு. ஆனால் அவர் வாயிலிருந்து பக்கத்து மேஜை கம்பெனியின் நல்ல மாடல் பெயர் வராது. நாலு மேஜையும் நீங்களே சுற்ற வேண்டும்.

வாட்டில் தப்பித்தவர்கள் விழுகிற அடுத்த பள்ளம் கிராபிக்ஸ் மெமரி. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 4 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. ஸ்டிக்கர் ஒன்றுதான். இன்றைய பெரிய கேம்களுக்கு 4 ஜிபி என்பது கல்யாண வீட்டுக்குக் கரண்டியோடு போவது மாதிரி. ஆர்டிஎக்ஸ் 2050 இன்னும் வேடிக்கை. 20 வரிசைப் பெயரை வைத்துக்கொண்டு 30 வரிசை சிப்பைப் போட்டு, மெமரிப் பாதையையும் ஒடுக்கி, 2021 டிசம்பரில் அறிவித்தார்கள். 'ஆர்டிஎக்ஸ்' என்ற மூன்றெழுத்தைக் காட்டி விலை குறைந்த வரிசையில் இன்னமும் தள்ளிவிடுவார்கள். வேண்டாம். மேல்தட்டிலும் ஏமாற்றம் உண்டு. டெஸ்க்டாப்பில் 4070 என்றால் 12 ஜிபி, லேப்டாப்பில் அதே பெயருக்கு 8. யூடியூபில் டெஸ்க்டாப் கார்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு லேப்டாப் வாங்கப் போகிற பிள்ளைகள் ஏராளம்.

பிராசஸரில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ரைசன் 7 7435எச்எஸ் என்று பார்த்தால், பேட்டரியில் வகுப்புக்குக் கொண்டுபோகிற பிள்ளை என்றால், ஒதுங்குங்கள். அதில் உள்ளமைந்த சின்ன கிராபிக்ஸ் கிடையாது. வேர்டில் அசைன்மென்ட் அடித்தாலும் பெரிய கார்டுதான் விழித்திருக்க வேண்டும். பேட்டரி காலை டிபனுக்குள் காலி. வீட்டிலேயே பிளக்கில் செருகி விளையாடுகிறவருக்கு அதே மெஷின் லாபம், விலை குறைகிறதே.

ராம் விஷயத்தில் பழைய அறிவுரை ஒன்று இப்போது ஆபத்தாகிவிட்டது. "8 ஜிபி வாங்கிக்கோ, அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்ல இன்னொரு குச்சி போட்டுக்கலாம்" என்று நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். 2025-ன் கடைசி மாதங்களில் மெமரி விலை தலைதெறிக்க ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரியையெல்லாம் வாரிக்கொண்டு போகின்றன. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், நம்மைப் போன்ற சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த 'குரூஷியல்' வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. ஆகவே 16 ஜிபியை மெஷினோடேயே வாங்கிவிடுங்கள், இரண்டு குச்சியாக இருந்தால் உத்தமம். ஒரே குச்சி என்றால் வேகம் குறையும். மதர்போர்டிலேயே பற்றவைத்த ராம் என்றால் பிறகு கூட்டவே முடியாமல் போகலாம்.

திரையையும் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்றிருந்தால், நிறமெல்லாம் பத்துத் தடவை துவைத்த சுங்குடி மாதிரி தெரியும்.

பிறகு நம் ஊர். கம்பெனி சொல்கிற வேகமெல்லாம் குளுகுளு அறையில் சோதித்தது. அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறிக்கு அடியில் மெத்தை மேல் வைத்து விளையாடினால், அடிப்பக்கத்துக் காற்றுத் துளை அடைபட்டு மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்கா வீட்டில் இப்போது லேப்டாப்புக்கு அடியில் பழைய இட்லித் தட்டு இரண்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். ஓட்டை உள்ளது, காற்று போகிறது. நான் சிரிக்கவில்லை. பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர்ப் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னல் என்றால், உப்புக்காற்றை இழுத்து உள்ளே ஊதுகிற இரண்டு விசிறிகள் அதில் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். சில பெரிய மாடல்களின் அடாப்டர் 16 ஆம்பியர் தடித்த பிளக்கோடு வரும். அது உங்கள் மேஜைப் பக்கத்து 6 ஆம்பியர் பாயின்டில் நுழையாது. மாற்று பிளக் போட்டுச் சமாளிக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பணம் கட்டும் இடத்தில் இரண்டு வலை. ஒன்று, "பில் வேண்டாம்னா குறைச்சுக்கலாம் சார்." 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று மனசு குதிக்கும். வாரண்டிக்கும் வழக்குக்கும் அந்தக் காகிதம்தான் ஆதாரம். நண்பரின் கம்பெனி பெயரில் பில் போட்டு வரியைத் திரும்பப் பெறலாம் என்ற யோசனையும் சுற்றுகிறது. நாளை தகராறு என்றால், வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு முதல் நாளே வாதம் வைக்கும். இரண்டாவது, நோ காஸ்ட் ஈஎம்ஐ. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள், உண்மை. அந்த வட்டியின் மேல் ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் கார்டில் தனியாக ஏறும்.

பழசு வாங்குகிறவர்களுக்கு: 'ஓபன் பாக்ஸ்', 'டெமோ பீஸ்' எதுவானாலும் சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி என்றைக்குத் தொடங்கியது என்று பாருங்கள். விண்டோஸ் தருகிற பேட்டரி ரிப்போர்ட்டில் எத்தனை முறை சார்ஜ் ஏறியிருக்கிறது என்பது பெரும்பாலும் வரும். புத்தம் புதுசு என்று சொன்னதில் 200 என்றிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆன்லைனில் பார்த்து, "அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். போய்விட்டது என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண்ணுக்காகத் துணைக்குப் போனேன். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட். ஆளுக்கு முன்னால் தோள் இடிக்கிற சந்து. மாடிக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். கடைக்காரர் மெல்லிய மெஷின் ஒன்றை விரித்து வைத்தார். அந்தப் பெண் ஸ்டிக்கரைப் பார்க்கவே இல்லை. "அண்ணா, இது எத்தனை வாட்?"

கடைக்காரர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரித்ததை மூடினார். "டேய் தம்பி," என்று உள்ளே குரல் கொடுத்தார், "அந்த தடி மாடல் ரெண்டு இருக்குல்ல, அத எடுத்துட்டு வா."