8 பேர் வேலை செய்யும் கடையில் ‘ஹெச்.ஆர்.’ யார்? சிறு தொழில்களில் நல்ல பணிச்சூழல் எங்கே தொடங்குகிறது?

மைசூருவின் ஹெப்பால் தொழிற்பேட்டையில் 300 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது இன்ஃபோசிஸ் வளாகம். அங்கே வேலை செய்பவருக்கு மேலாளரோடு பிரச்னை என்றால், போய்ச் சொல்ல மனிதவளத் துறை இருக்கிறது, புகார்க் குழு இருக்கிறது.

அதே நகரின் தேவராஜ் அர்ஸ் சாலையில், 8 பேர் வேலை செய்யும் ஒரு ஜவுளிக்கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே மனிதவளத் துறை என்பது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஓனர்தான். சம்பளம் கொடுப்பவர், லீவு தருபவர், தாமதமாக வந்தால் திட்டுபவர் எல்லாம் அவரே. பிரச்னையே அவரோடுதான் என்றால் யாரிடம் போவது?

சிறு நிறுவனங்களின் ‘பணிக் கலாசாரம்’ பற்றிப் பேசும்போது பிறந்தநாள் கேக், வருடாந்திர டூர், தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் என்றுதான் பெரும்பாலும் பேச்சு ஓடுகிறது. உண்மையில் அது இந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்படி எத்தனை இடங்கள்?

2013-14-ல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 5.85 கோடி தொழில் நிறுவனங்கள் இருந்தன. அவற்றில் 95.5 சதவிகிதத்தில் வேலை செய்தவர்கள் 5 பேர் அல்லது அதற்கும் குறைவு. 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தவை வெறும் 1.37 சதவிகிதம்தான். தெருவோரப் பெட்டிக்கடை முதல் ஆள் வைக்காமல் தனியாகத் தொழில் செய்பவர் வரை எல்லாமே இந்தக் கணக்கில் அடக்கம். பழைய கணக்குதான், ஆனாலும் படத்தின் வடிவம் புரிந்துவிடும்.

10 என்ற எண்ணை ஏன் பார்க்க வேண்டும்? நம் தொழிலாளர் சட்டங்களில் பல அந்த எண்ணில்தான் விழித்துக்கொள்கின்றன. இ.எஸ்.ஐ.க்கு 10 பேர். பணிக்கொடைக்கு 10 பேர். கடைகளில் மகப்பேறு விடுப்புக்கு 10 பேர். பி.எஃப்.புக்கு 20 பேர். பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைப்பதற்கும் 10 பேர்.

இங்கே ஒரு விநோதம் உண்டு. சிறு தொழில் எது என்று தீர்மானிக்கும் எம்.எஸ்.எம்.இ. வரையறை ஆட்களை எண்ணுவதே இல்லை, பணத்தைத்தான் எண்ணுகிறது. 2025 ஏப்ரல் 1 முதல், முதலீடு 2.5 கோடி ரூபாய் வரையும் விற்றுமுதல் 10 கோடி ரூபாய் வரையும் இருந்தால் ‘குறு நிறுவனம்’. வருடத்துக்கு 8 கோடி ரூபாய் வியாபாரம் செய்யும் கடையில் 9 பேர் மட்டுமே வேலை செய்யலாம். வங்கிக்கு அது வளரும் தொழில், தொழிலாளர் சட்டத்துக்கோ பாதி கண்ணுக்குத் தெரியாத இடம். 10-ஆவது ஆளை ஏட்டில் காட்டாமல் வைத்துக்கொள்ளும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தனி ஆராய்ச்சி தேவையில்லை.

மைசூருவில் கடையைத் தாண்டியும் இந்தக் கணக்கு போகிறது. புவிசார் குறியீடு பெற்ற மைசூரு அகர்பத்தியைப் பரம்பரையாக உருட்டியவர்களில் பெரும்பாலோர், வீட்டில் இருந்தபடியே குச்சிக் கணக்கில் கூலி வாங்கிய பெண்கள். அவர்களுக்கு வேலையிடம் என்பது வீட்டுத் திண்ணை. சக ஊழியர் என்று பக்கத்தில் யாரும் கிடையாது.

எல்லோருக்கும் பொருந்துவது எது?

சட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், ஊதியத் தொகுப்பு ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. 2 பேர் வேலை செய்யும் டீக்கடைக்கும் அது உண்டு.

அதன்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். வேலையை விட்டாலோ, நீக்கப்பட்டாலோ 2 வேலை நாட்களுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். சம்பளச் சீட்டு தர வேண்டும். வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரு மடங்குக் கூலி.

அபராதம் பற்றி பலருக்கும் தெரியாது. 10 நிமிடம் லேட்டா, அரை நாள் சம்பளம் கட். துணியில் கறையா, விலையில் பாதி கட். இது பல கடைகளில் சாதாரணம். ஆனால் அபராதம் விதிக்க எந்தெந்தத் தவறுகள் என்பதை அரசின் ஒப்புதலோடு முன்பே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஊழியர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். எல்லாம் சேர்ந்தும் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 12,000 ரூபாய் சம்பளம் என்றால் அதிகபட்சம் 360 ரூபாய்.

“நம்ம கடை ஒரு குடும்பம் மாதிரிம்மா” என்று சொல்லும் ஓனர் பலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் யாரும் ஓவர்டைம் கேட்க மாட்டார்கள், சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள். அந்த வார்த்தையின் வசதியே அதுதான்.

பேச விட்டால் என்ன ஆகும்?

பணமும் தேதியும் சரியாக இருந்தால் போதுமா? இந்தியாவின் பெரிய ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றின் ஆலைகளில் பொருளாதார ஆய்வாளர்கள் அச்யுத அத்வர்யு, தெரசா மொலினா, அனந்த் நிஷாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். எதிர்பார்த்த அளவுக்குச் சம்பள உயர்வு வரவில்லை, தொழிலாளர்கள் கடுப்பில் இருந்த நேரம். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஒரு பகுதியினரிடம் மட்டும், பெயர் வெளியே வராத ஒரு படிவத்தில் வேலை, சம்பளம், சூப்பர்வைசர் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். அவ்வளவுதான், சம்பளம் கூடவில்லை. அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் வேலையை விட்டுப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 20 சதவிகிதம் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு ‘கேட்டால் போதும், கொடுக்க வேண்டாம்’ என்று புரிந்துகொள்ளும் முதலாளிகளும் இருப்பார்கள். ஒருமுறை கேட்டதன் பலன்தான் இது. மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று இந்தச் சோதனை பார்க்கவில்லை.

8 பேர் இருக்கும் கடைக்கு இந்த வழி அப்படியே பொருந்தவும் செய்யாது. பெயர் போடாமல் எழுதினாலும் கையெழுத்தை வைத்தே ஓனர் கண்டுபிடித்துவிடுவார். சிறிய இடத்தில் ரகசியம் கிடையாது. அங்கே பேசுபவரைக் காப்பது, பேசிய பிறகு நடப்பவைதான். குறை சொன்ன பெண்ணுக்கு அடுத்த வாரம் ஞாயிறு ஷிஃப்ட் விழுந்ததா? கவுண்டரில் இருந்தவர் திடீரென்று குடோனுக்குப் போனாரா? மற்ற 7 பேரும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

அமைதியான கடை நல்ல கடை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை 1990-களில் ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்த தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பது அவர் தந்த விளக்கம். பில்லில் தவறு நடந்தால் சம்பளத்தில் பிடிக்கும் கடையில், அந்தத் தவறு ஸ்டாக் எடுக்கும் நாளில்தான் வெளியே வரும்.

தசரா 10 நாள்

மைசூருவில் இதைச் சோதிக்க ஒரு பருவம் இருக்கிறது. தசரா 10 நாட்களும் ஹோட்டல், லாட்ஜ், பட்டுக்கடை, இனிப்புக்கடை எல்லாவற்றிலும் கூட்டம் அலைமோதும். வார லீவு ரத்து, இரவு 11 மணி வரை வேலை. “சீசன் டைம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்ற ஒரே வரியில் பல இடங்களில் விஷயம் முடிந்துவிடும்.

செய்யக்கூடியது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. விழாவுக்கு 3 வாரம் முன்பே யார் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று எழுதி ஒட்டலாம். ஜம்பு சவாரி நாளில் யாருக்கு வேலை என்பதைச் சுழற்சியில் வைக்கலாம், இல்லாவிட்டால் குரல் குறைந்தவருக்கே அது ஒவ்வொரு வருடமும் விழும். கூடுதல் நேரத்துக்கான கூலியைப் போனஸோடு கலக்காமல் சீட்டில் தனியாகக் காட்டலாம். இரவு வீடு திரும்பும் ஆட்டோ செலவு யாருடையது என்பதை முன்பே பேசிவிடலாம்.

பிறகு, ஒரு ஸ்டூல். நாள் முழுக்க நிற்க வைக்கப்படும் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கக் கேரளத்தில் போராட்டமே நடக்க வேண்டியிருந்தது. அங்கே 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் திருத்தம் வந்தது. ‘அங்காடித் தெரு’ பார்த்தவர்களுக்கு இது எதைப் பற்றியது என்று விளக்க வேண்டியதில்லை. மைசூருவில் இருக்கும் ஓனர் ஸ்டூல் வாங்க எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஓனர் மீதே புகார் என்றால்?

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. 10 பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்யும் பெண்களும், முதலாளி மீதே புகார் உள்ளவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். தினக்கூலி, ஒப்பந்தம், பயிற்சி, வீட்டு வேலை என எல்லோருக்கும் பொருந்தும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் கிடைக்கும். விசாரணையை 90 நாட்களில் முடிக்க வேண்டும்.

நடைமுறை வேறு. சட்டம் வந்து 11 ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 3 அன்று, ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கான அதிகாரியை டிசம்பர் 31-க்குள் நியமிக்கும்படி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. புகாரை மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளம் வழியாகவும் பதிவு செய்யலாம்.

உங்கள் கடையில் 10 பேர் இல்லையென்றால் குழு அமைக்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. உங்கள் மாவட்ட உள்ளூர்க் குழுவின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, ஊழியர்கள் சாப்பிடும் இடத்தில் ஒட்டலாம். கல்லாவுக்கு எதிரே வேண்டாம். அங்கே நின்று அந்த எண்ணை யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.