சிறை மீண்டவரின் வாக்கு

சிறைத் தண்டனை முடிந்து வெளியே வருபவர் இந்தியாவில் பொதுவாக அன்றே வாக்களிக்கும் தகுதியைத் திரும்பப் பெறுகிறார் என்பதும், அதற்கென எவரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை என்பதும் பரவலாக அறியப்படாதவை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 62(5)ஆம் பிரிவில், சிறையிலோ போலீஸ் காவலிலோ இருப்பவர் வாக்களிப்பதைத் தடுக்கிறது. அத்தடை குற்றத்தைப் பொறுத்ததன்று, அடைபட்டிருப்பதைப் பொறுத்தது. எனவே, தண்டனை பெற்று மேல்முறையீட்டில் ஜாமீனில் இருப்பவர் வாக்களிக்கலாம். குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே அடைபட்டிருக்கும் விசாரணைக் கைதியோ, நாட்டின் சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் அவ்வகையினராக இருந்தும், வாக்களிக்க இயலாது. சிறை சென்றது அவரவர் நடத்தையின் விளைவு என்று கூறி உச்ச நீதிமன்றம் 1997இல் இத்தடையை ஏற்றது. விசாரணைக் கைதிக்கு அக்காரணம் அவ்வளவாகப் பொருந்தவில்லை.

பிரான்சு நாட்டின் குடியுரிமை பெற்றோரும் வாழும் காரைக்காலில், கைதியின் வாக்குரிமையில் இரு நாட்டுச் சட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு அண்டை வீடுகளுக்கிடையிலேயே அமைந்துவிடுகிறது. 1962இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் வழிவந்தோர் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்கின்றனர். அந்நாட்டுச் சட்டமோ, நீதிமன்றம் தனியே பறித்தாலன்றிக் கைதியின் வாக்குரிமையைத் தொடுவதில்லை என்பதுடன், 2019 முதல் சிறையிலிருந்தே அஞ்சல் வழி வாக்களிக்கவும் வழி செய்திருக்கிறது.

நேர்மாறாக, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கடுங்குற்றத் தண்டனை பெற்றவர்கள் விடுதலைக்குப் பின்னும் வாக்குரிமையின்றி இருந்தனர். தாமே சிறை சென்று மீண்ட டெஸ்மண்ட் மீட் முன்னின்று நடத்திய இயக்கத்தில் அவரைப் போன்ற தன்னார்வலர்களும் வீடு வீடாகச் சென்று ஆதரவு திரட்ட, 2018 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் 64 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அத்தடையைப் பெரும்பாலானோருக்கு நீக்கினர். மறு ஆண்டே, அபராதத்தையும் நீதிமன்றக் கட்டணத்தையும் கட்டி முடித்த பின்னரே வாக்கு என்று மாநிலம் சட்டமியற்றியது.

புளோரிடாவின் தன்னார்வலர்களைப் போலக் காரைக்காலில் கதவைத் தட்டுபவர் போராட வேண்டியது சட்டத்துடன் அன்று, வாக்காளர் பட்டியலுடன். காலாப்பட்டு மத்திய சிறையில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் திருநள்ளாறுக்காரர் அதனால் காலாப்பட்டுவாசி ஆகிவிடுவதில்லை. சிறையை வழக்கமான வசிப்பிடமாகக் கொள்ளலாகாது என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும், சரிபார்க்க வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் வீட்டார் கூசிப்போய் "ஊரில் இல்லை" என்று மட்டும் சொன்னால், இடம்பெயர்ந்தவர் என்று பெயர் நீக்கப்பட்டுவிடக்கூடும். நீக்கப்பட்டால் படிவம் 6 நிரப்பிப் புதிதாகச் சேர வேண்டும். ஈராண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் விடுதலைக்குப் பின் ஆறு ஆண்டுகள் தேர்தலில் போட்டியிட முடியாது என்னும் விதியை வாக்களிப்பதற்கும் உரியதாக எண்ணி ஒதுங்குவோரும் உண்டு. அவர்களிடம் அதிகாரி எடுத்துரைப்பதைவிட, சிறை சென்று வந்து வாக்களித்த ஒருவர் மை பதிந்த விரலைக் காட்டுவது எளிதில் நம்பப்படும்.

விடுதலைக்குப் பின்னும் வாக்கைப் பறிக்கும் குற்றங்கள் சில உள்ளன. கொலையும் கொள்ளையும் அவற்றில் இல்லை. வாக்குக்குப் பணம் கொடுத்ததாகவோ வாங்கியதாகவோ தண்டிக்கப்பட்டவர், பிறர் பெயரில் வாக்களித்துத் தண்டிக்கப்பட்டவர் ஆகியோர் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்கு எந்தத் தேர்தலிலும் வாக்களிக்க முடியாது என்று 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11அ பிரிவு கூறுகிறது.