மணவிலக்கும் மத்திய சேமநிதியும்: யாருக்கு எவ்வளவு?

(உயர்நிலை வகுப்புக் கலந்துரையாடலுக்கான விளக்கக் குறிப்பு)

“மசேநி அவங்கவங்க சம்பளத்துல பிடிக்கிற பணம்தானே? பிரிஞ்சா அவங்கவங்களுக்கே போயிடும் இல்ல?” குடும்பம் பற்றிய தலைப்பு வந்தால் மாணவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், சிங்கப்பூர்ச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1. எது பொதுச் சொத்து?

மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவு, திருமணக் காலத்தில் சேர்ந்த சொத்துகளை நியாயமாகப் பங்கிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வீடு, வங்கிச் சேமிப்பு போலவே மசேநியும் இதில் அடங்கும். கணக்கு யார் பேரில் இருந்தாலும் சரி. திருமணத்துக்கு முன் சேர்ந்த தொகை பொதுவாக இதில் சேராது. முஸ்லிம் தம்பதியரின் மணவிலக்கை ஷரியா நீதிமன்றம் விசாரிக்கிறது.

2. எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழிமுறையை வகுத்தது. ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பணமாகப் போட்ட பங்கு கணவர் 80, மனைவி 20. சமையல், பிள்ளை வளர்ப்பு, வீட்டுப் பொறுப்பு போன்ற மறைமுகப் பங்கு கணவர் 40, மனைவி 60. இரண்டின் சராசரி 60:40. மொத்தச் சொத்து 600,000 வெள்ளி என்றால் மனைவியின் பங்கு 240,000 வெள்ளி. அவருடைய மசேநியில் ஏற்கெனவே 40,000 இருந்தால், மீதி 200,000 வெள்ளி வீட்டிலிருந்தோ கணவரின் மசேநியிலிருந்தோ வரலாம். இந்தச் சராசரியை நீதிமன்றம் சூழ்நிலைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம்.

ஒருவர் மட்டுமே சம்பாதித்த நீண்டகாலத் திருமணத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று அதே நீதிமன்றம் 2017இல் தெளிவுபடுத்தியது. அங்கே பங்கீடு பெரும்பாலும் சரிபாதியை நோக்கிச் செல்லும். வேலைக்கே போகாத அம்மாவின் உழைப்புக்கும் சட்டத்தில் மதிப்பு உண்டு என்பதே இதன் பொருள்.

3. பணம் கைக்கு வருமா?

உடனே வராது. சிங்கப்பூரர், நிரந்தரவாசி என்றால், ஆணையிட்ட தொகை ஒருவரின் மசேநியிலிருந்து மற்றவரின் மசேநிக்கு மாறும். அதன்பின் வழக்கமான மசேநி விதிகளின்படிதான் எடுக்க முடியும். அதனால் மாத வாடகைக்கு இதை நம்பி இருக்க முடியாது.

வீட்டை விற்றாலும், அதற்காக மசேநியிலிருந்து எடுத்த தொகையைத் திரண்ட வட்டியோடு கணக்கில் திருப்பிப் போட வேண்டும். “வீடு நல்ல விலைக்குப் போச்சு, கையில ஒண்ணும் நிக்கலையே” என்று பலர் திகைப்பது இதனால்தான். விற்காமல் ஒருவர் பேருக்கு மாற்றினால், எவ்வளவு திருப்ப வேண்டும், அல்லது திருப்பவே வேண்டாமா என்பதை நீதிமன்ற ஆணையே சொல்லலாம்.

4. பலர் மறந்துவிடுவது

திருமணம் செய்தால் பழைய மசேநி நியமனம் தானாக ரத்தாகும். மணவிலக்கு ஆனால் ரத்தாகாது. முன்னாள் துணைவரின் பெயரை மாற்றாமலே ஒருவர் இறந்துவிட்டால், பணம் அந்த முன்னாள் துணைவருக்கே போகும். உயிலில் பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்திருந்தாலும் பயனில்லை. மசேநிப் பணம் உயிலுக்குள் வராது. ஆகவே, தீர்ப்பு வந்த கையோடு புதிய நியமனம் செய்துவிட வேண்டும்.

அருஞ்சொற்கள்

மணவிலக்கு – விவாகரத்து
திரண்ட வட்டி – எடுத்த தொகை கணக்கிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் வட்டி
நியமனம் – இறப்புக்குப் பின் பணம் யாருக்கு என்று பதிவு செய்தல்

கலந்துரையாட

1. வீட்டு வேலையைப் பண மதிப்பில் அளக்க முடியுமா? காரணம் கூறுக.
2. பங்கைக் கையில் தராமல் மசேநிக்கே மாற்றுவதால் வரும் நன்மை, சிரமம் ஆகியவற்றில் ஒவ்வொன்றைக் கூறுக.